மருந்து கண்ட மேதை சுப்பாராவ்

மருந்துப் புட்டியின் மேல் அதனைச் செய்த கம்பனியின் பெயர் இருக்கும். மருந்தின் பெயர் இருக்கும். எத்தனை வேளை, எவ்வளவு உட்கொள்ள வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். அதனை முதலிற் கண்டவர் யார் என்ற செய்தி மாத்திரம் அதிற் காணப்படுவதில்லை. நோயாளிக்கு அது வேண்டுவதுமில்லை. ஆயினும், வெண்குருதிப் புற்றுநோய் வாய்ப்பட்ட குழந்தை ஒன்று இன்று உலகின் எந்த மூலையிலுள்ள வைத்தியசாலையிற் படுத்திருந்தாலும், அதன் உடலினுட் செல்லும் மருந்துகளுள் ஒன்றேனும் ஒரு குறிப்பிட்ட மனிதரின் உழைப்பிலிருந்து பிறந்தது என்று துணிந்து கூறலாம். கோதாவரிக் கரையைச் சார்ந்த நாட்டிற் பிறந்து, சென்னையிற் கல்வி பயின்று, அமெரிக்காவில் மறைந்த எல்லாப்பிரகடா சுப்பாராவே அம்மனிதர்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரம் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. குழந்தைகள் எழுவர். தந்தையார் வருவாய்த்துறையிற் சிறு பதவி வகித்தவர். உடல்நலங் குன்றியமையால் உரிய காலத்துக்கு முன்னரே வேலையை விட்டு விலகினார். வறுமை வீட்டிற் குடிகொண்டது. பதின்மூன்று வயதில் இச்சிறுவர் வீட்டாருக்குச் சொல்லாமற் காசிக்குப் புறப்பட்டார். யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்ட வேண்டும் என்பது அவருடைய திட்டம். தாயார் அவரை மறித்து அழைத்துவந்து மீண்டும் பள்ளியிற் சேர்த்தார். அன்று அத்தாய் மனந்தளர்ந்திருப்பாராயின் மருத்துவ உலகம் எத்துணை இழந்திருக்கும் என்பதைப் பின்னே காண்போம்.

பள்ளியிறுதித் தேர்வில் அவர் முதன்முறை தேறவில்லை. இரண்டாம் முறையும் தேறவில்லை. சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று மூன்றாம் முறை எழுதியே தேறினார். இடையில் 1913இல் தந்தையார் காலமானார். மாநிலக் கல்லூரியிற் படிக்குங்காலை இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு ஏற்பட்ட பழக்கத்தால் அவருக்குத் துறவு பூணும் வேட்கை உண்டாயிற்று. தாயார் இசையவில்லை. மடத்தின் தொண்டுக்கு மருத்துவர்கள் வேண்டியிருந்த காலம் அது. துறவியாக இயலாதெனின் மருத்துவராயேனும் தொண்டு செய்யலாம் என்ற எண்ணத்துடன் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். படிப்புக்குப் பொருளுதவி செய்தவர்களுள் ஒருவரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியின் மகள் சேசகிரியை 1919இல் மணந்துகொண்டார்.

இக்காலத்திலே அக்குடும்பத்தை ஒரு கொடிய நோய் தாக்கியது. உண்ட உணவின் சத்து உடலிற் சேராது வயிற்றோட்டமாய்க் கழிய, நாவும் வாயும் புண்ணாகி, குருதி குன்றி, உடல் மெலிந்து மாயும் நோய் அது. நம் நாட்டு வைத்தியர்கள் இதனைச் சங்கிரகணி என்பர். ஆங்கில வைத்தியர்கள் ஸ்புரூ என்று பெயரிட்டனர். சுப்பாராவின் சகோதரர் இருவர் சில நாட்களின் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக அந்நோய்க்கு இரையாயினர். அவரையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத அறிஞர் அசந்தா இலட்சுமிபதி அளித்த மருந்தால் அவர் பிழைத்தார். தாம் பிழைத்ததும் தம் சகோதரர் பிழையாததும் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தன. அந்நோயின் காரணம் யாது, அதற்கு மருந்து யாது என்னும் வினா அவரைக் கடல் கடக்கச் செய்தது.

கல்லூரியில் அவருக்கு நேர்ந்த ஓர் இடையூற்றையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்குமாறு வேண்டியபோது, சுப்பாராவ் அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் கதராடையையே அணிந்து சென்றார். அறுவை மருத்துவப் பேராசிரியராயிருந்த பிராட்பீல்ட் என்பவருக்கு அது பிடிக்கவில்லை. மற்றைய பாடங்களிற் சிறந்து விளங்கியும், அவருக்கு முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனிலும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசாங்க மருத்துவ சேவையிற் சேர முயன்றும் பயன் விளையவில்லை. தமக்கு உயிரளித்த இலட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியிலே உடற்கூற்றியல் விரிவுரையாளராக அமர்ந்தார். சுதேச மருத்துவத்தை நவீன விஞ்ஞானத்தின் துணையோடு ஆராய வேண்டும் என்னும் ஆர்வம் அங்கே வளர்ந்தது.

காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமநிதியினதும் மாமனாரினதும் உதவியோடு, 1920களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நகரைச் சென்றடைந்தார். சில ஆண்டுகளில் மீள்வதாகவே மனைவியிடம் விடைபெற்றிருந்தார். அவர் சென்ற பின்னர் பிறந்த ஆண்மகவு ஓராண்டு நிறையுமுன் நோயுற்று இறந்தது. தந்தை தன் மகனின் முகத்தைக் கண்டாரல்லர். அவர் பின்னர் ஒருபோதும் தாய்நாட்டுக்குத் திரும்பவுமில்லை. சேசகிரி அம்மையாரின் வாழ்வு காத்திருப்பிலேயே கழிந்தது. பெரியோர் வரலாறுகளை எழுதுவோர் இத்தகைய செய்திகளை விரைந்து கடந்துவிடுவர். உலகம் பெற்ற பேற்றுக்கு ஒரு பெண் கொடுத்த விலையை மறைத்துவிட்டு அப்பேற்றை மாத்திரம் போற்றுதல் நீதியாகாது.

ஹாவாட் பல்கலைக்கழகத்தில் வெப்பவலய மருத்துவம் பயிலச் சென்றவருக்குக் கையிற் பணமில்லை. அவருடைய இந்தியச் சான்றிதழ் அங்கே மருத்துவராய்த் தொழில் புரியவும் இடந்தரவில்லை. இரவில் வைத்தியசாலையொன்றில் ஏவல் வேலை செய்து, பகலிற் படித்தார். நோயாளரின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் வேலையையும் அவர் இழிவாகக் கருதவில்லை. வெப்பவலய மருத்துவத்திற் சான்றிதழ் பெற்றபின், உயிரிரசாயனவியற் பகுதியில் சைரஸ் பிஸ்க் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவராய்ச் சேர்ந்தார்.

குருதியிலும் சிறுநீரிலுமுள்ள பொசுபரசின் அளவைக் கணிக்கும் எளிய முறை ஒன்றை 1925இல் இவ்விருவரும் வெளியிட்டனர். பிஸ்க்-சுப்பாராவ் முறை என்னும் பெயரால் அது உலகெங்குமுள்ள ஆய்வுகூடங்களிற் பரவிற்று. அம்முறையின் துணைகொண்டே 1927இல் தசையிலுள்ள கிரியேற்றின் பொசுபேற்று என்னும் பொருளைக் கண்டனர். தசை சுருங்குவதற்கான சத்தி இலத்திரிக்கமிலத்திலிருந்தே வருகிறது என்று அதுவரை நிலவிய கொள்கை, நோபல் பரிசு பெற்ற அறிஞர்கள் நிலைநாட்டிய கொள்கை, இதனால் ஆட்டங்கண்டது. 1929இல், உயிர்க்கலங்கள் யாவும் சத்தியைச் செலவிடும் நாணயம் போன்ற ஏ.ரி.பி. என்னும் பொருளையும் இவர்கள் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டிற் சிறிது முந்தி ஜேர்மனியில் லோமன் என்பவரும் தனித்து அதனைக் கண்டிருந்தார். 1930இற் சுப்பாராவ் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

இத்துணைச் சாதனைக்குப் பின்னும் ஹாவாட்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. கண்டுபிடிப்புகளின் பெருமை பெரும்பாலும் பேராசிரியரைச் சார்ந்தது. அதே ஆய்வுகூடத்தில் அக்காலத்திற் பயின்றவர் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் என்னும் மாணவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த பொருள்கள் சில, பிஸ்க்கின் பொறாமை காரணமாக வெளிவராமலே போயின என்றும், பிற்காலத்தில் மற்றையோர் அவற்றை மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும் ஹிச்சிங்ஸ் பின்னாளிற் சான்று பகர்ந்தார். இவருடைய பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். இவ்வரலாற்றில் அது மீண்டும் வரும்.

1940இற் சுப்பாராவ் ஹாவாட்டை விட்டு, நியூயோர்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னுமிடத்திலிருந்த லெடெர்லி மருந்து நிறுவனத்திற் சேர்ந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைவரானார். இப்போது அவர்கீழ் அறிஞர் பலர் இருந்தனர். வேண்டிய கருவிகளும் இருந்தன. அவர் மனம் மாண்ட தம் சகோதரர்பாற் சென்றது.

சங்கிரகணியிலும் கருப்பிணிகளிலும் காணப்படும் ஒருவகைக் குருதிச்சோகை ஈரற் சாற்றாலும் மதுவச் சாற்றாலும் நீங்குவதை முன்னரே சிலர் கண்டிருந்தனர். பம்பாயிற் பணிபுரிந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் அவர்களுள் முதன்மையானவர். அச்சாற்றில் மறைந்துள்ள பொருள் எதுவென்று கண்டு, அதனைத் தனித்தெடுத்து, அதன் அமைப்பை அறிந்து, செயற்கையாய் ஆக்குவதே லெடெர்லி குழுவினர் மேற்கொண்ட பணி. பெருந்தொகையான ஈரலிலிருந்து கிடைப்பது அணுவளவே. எனினும் 1945இல் அக்குழுவினர் போலிக் அமிலம் என்னும் அவ்விற்றமினைச் செயற்கையாய் ஆக்கி வெற்றிகண்டனர். விரைவிலே சங்கிரகணி நோயாளரின் குருதிச்சோகை அம்மருந்தால் நீங்குவதை மருத்துவர்கள் கியூபாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் கண்டனர். சகோதரருக்குக் கிடையாத மருந்து கால் நூற்றாண்டின்பின் அன்னியர்க்குக் கிடைத்தது.

இவ்வளவோடு நின்றிருந்தாலும் அவர் புகழ் நிலைத்திருக்கும். விதி அவரை இன்னும் ஒரு படி ஏற்றியது. பொஸ்ரன் நகரக் குழந்தைகள் வைத்தியசாலையில் நோய்க்கூற்றியல் வல்லுநராயிருந்தவர் சிட்னி பார்பர். வெண்குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறப்பது உறுதியென்றிருந்த காலம் அது. குருதியை விருத்தி செய்யும் போலிக் அமில வகைகள் இந்நோய்க்கும் உதவக்கூடும் என்றெண்ணிய பார்பர், அவற்றைச் சில குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, மாறாக மூண்டெழுந்தது. புற்றுக் கலங்கள் அவ்விற்றமினையே உணவாக்கிப் பெருகின.

இத்தோல்வியிலிருந்தே வழி பிறந்தது. கலங்கள் போலிக் அமிலத்தை நாடுமாயின், உருவில் அதனையே ஒத்து, செயலில் அதற்கு எதிரான பொருளை ஊட்டினால் அவை ஏமாந்து பட்டினி கிடக்கும் அன்றோ? சுப்பாராவின் ஆய்வுகூடத்தில் டொரிஸ் சீகர் என்னும் பெண் இரசாயனவியலாளரும் அவருடைய தோழரும் அத்தகைய போலிப் பொருள்களை ஆக்கியிருந்தனர். அவற்றுள் அமினோப்தரின் என்பதை 1947ஆம் ஆண்டின் இறுதியிற் பார்பர் பயன்படுத்தத் தொடங்கினார். மரணத்தின் வாயிற் கிடந்த குழந்தைகளுட் சிலர் எழுந்து உட்கார்ந்தனர், வீங்கிய மண்ணீரல் சுருங்கியது, குருதி தெளிந்தது. 1948 ஜூன் மாதம் வெளிவந்த கட்டுரையில், மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேர் குணங்குறி காட்டியதாகப் பார்பர் அறிவித்தார். அக்குணம் நிலைக்கவில்லை, சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆயினும், இந்நோயை மருந்தால் அடக்கலாம் என்னும் உண்மை முதன்முதலாக வெளிப்பட்டது.

அதன்பின் இரண்டு மாதங்களே சுப்பாராவ் வாழ்ந்தார். 1948 ஆகஸ்டில் ஓரிரவு உறக்கத்திலேயே இருதயம் நின்று அவர் உயிர் பிரிந்தது. வயது 53. ஓய்வென்பதே அறியாத அவர், விமானமோட்டக் கற்றுக்கொண்டு வானிற் பறப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தார். கால் நூற்றாண்டு அமெரிக்காவில் உழைத்தும் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றாரல்லர். அவருடைய மேற்பார்வையிலிருந்த ஆய்வுகூடத்தில் டகர் என்னும் முதிய தாவரவியலறிஞர் மண்ணிலிருந்து கண்ட ஓறியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அவ்வாண்டிலேயே உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

அமினோப்தரினின் உடன்பிறப்பான மெதோட்ரெக்சேற் அதனிலும் தீங்கு குறைந்ததென்று பின்னர் அறியப்பட்டு அதனிடத்தைப் பிடித்தது. ஹிச்சிங்ஸும் கேர்ட்ரூட் எலியனும் கண்ட மேர்க்கப்றோபியூரின் 1950களில் வந்து சேர்ந்தது. நம் வீட்டு முற்றங்களிற் பூக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து எடுத்த வின்கிறிஸ்ரின் 1960களில் வந்தது. தனித்தனியே தோற்ற மருந்துகள் ஒன்றுகூடி வென்றன. இன்று மருத்துவ வசதி மிக்க நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளிற் பத்துக்கு ஒன்பது பேர் வரையிற் பிழைக்கின்றனர்.

ஆனால், மருந்துகள் கூடும்போது அவை ஒன்றோடொன்று பகைப்பதும் உண்டு. இதனை விளங்கிக்கொள்வது சுப்பாராவின் பணியை விளங்கிக்கொள்வதற்கே துணைபுரியும். மெதோட்ரெக்சேற் புற்றுக் கலத்தை மாத்திரம் தாக்குவதில்லை. என்பு மச்சையில் நாடோறும் பிறக்கும் நல்ல கலங்களையும் தடுக்கிறது. நோயை எதிர்க்கும் வெண்கலங்கள் குறைந்தவுடன், நலமுள்ளவரைத் தீண்டாத பங்கசுக்கள் குழந்தையின் வாயிலும் நுரையீரலிலும் குருதியிலும் புகுந்துவிடும். அவற்றுள் நியூமோசிஸ்ரிஸ் என்பது நுரையீரலைப் பற்றி மூச்சை அடைப்பது. நீண்டகாலம் ஓரணு விலங்கென்று கருதப்பட்ட அது, பங்கசு இனத்தைச் சேர்ந்ததென்று 1988இல் வெளிப்பட்டது. கோ-றைமொக்சசோல் என்னும் கூட்டுமருந்தை முன்கூட்டியே கொடுத்துவரின் அந்நோய் அணுகாது என்பதை 1977இல் அமெரிக்க மருத்துவர் வால்ட்டர் ஹியூஸ் காட்டினார். இக்கூட்டுமருந்தின் ஒரு பாகமான றைமெதோபிறிம் ஹிச்சிங்ஸின் ஆய்வுகூடத்திற் பிறந்தது. போலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதே அதன் இயல்பும். ஆகவே, பிஸ்க்கின் கூடத்தில் ஒருங்கிருந்த இருவரின் மருந்துகள் இன்று ஒரே குழந்தையின் உடலிற் சந்திக்கின்றன. இரண்டும் ஒரே பாதையை மறிப்பதால் என்பு மச்சை மேலும் சோரக்கூடும். அன்றியும், கூட்டுமருந்தின் மறு பாகம் மெதோட்ரெக்சேற் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதைத் தாமதப்படுத்தவும் கூடும். ஆதலால், அதனை வாரத்திற் சில நாட்களே கொடுப்பதும், குருதியை அடிக்கடி சோதிப்பதும், மெதோட்ரெக்சேற்றைப் பெருமளவிற் கொடுக்கும் வேளையில் அதனை நிறுத்தி வைப்பதும் மருத்துவர் வழக்கம்.

வேறு பங்கசுக்களைக் கொல்லும் இற்றாகொனசோல், வோரிகொனசோல் முதலிய மருந்துகளிலும் இத்தகைய இடர் உண்டு. வின்கிறிஸ்ரினைச் சிதைத்து அகற்றும் ஈரல் நொதியத்தை இவை முடக்கிவிடும். உடலிற் றேங்கிய வின்கிறிஸ்ரின் நரம்புகளைத் தாக்கும், குடல் அசைவற்றுப் போகும், கைகால் சோரும், வலிப்பும் வரும். 1990கள் முதலாக மருத்துவ ஏடுகள் இதனை எச்சரித்து வருகின்றன. அம்போரெறிசின் என்னும் பழைய பங்கசுக்கொல்லி இந்நொதியத்தைத் தொடாது; ஆனால் சிறுநீரகத்தை நலிவிக்கும். சிறுநீரகம் நலிந்தால் மெதோட்ரெக்சேற் வெளியேறாது. பங்கசுவைக் கொல்லாவிடினும் குழந்தை மாளும். ஆராயாது கொன்றாலும் தீங்கு விளையும். எம்மருந்தை எந்நாளிற் கொடுப்பது, எதனை எப்போது நிறுத்துவது என்று மருத்துவர் நாள் பார்த்துக் கணிக்க வேண்டியிருப்பது இதனாலேயே. சத்துக்காக வீட்டார் கொடுக்கும் போலிக் அமிலக் குளிகையுங்கூடச் சுப்பாராவின் மருந்துக்கு எதிராக நின்றுவிடலாம். அவருடைய இரு கண்டுபிடிப்புகளும் ஒன்றையொன்று வெல்லும் இயல்பின. அவ்வியல்பையே கருவியாக்கி, மெதோட்ரெக்சேற்றைப் பெருமளவிற் கொடுத்தபின் குறித்த நேரத்தில் போலினிக் அமிலத்தை ஊட்டி நல்ல கலங்களை மீட்கும் முறையும் பின்னாளில் உண்டாயிற்று. குழந்தை உட்கொள்ளும் எம்மருந்தையும், நாட்டு மருந்தாயினும் சத்துக்குளிகையாயினும், மருத்துவருக்கு மறையாது சொல்லுதல் பெற்றோரின் தலையாய கடமையாகும்.

இலங்கையரும் சுப்பாராவுக்குக் கடன்பட்டவர்களே. அவருடைய குழுவினர் 1947இல் வெளியிட்ட ஹெற்றசான் என்னும் மருந்து யானைக்கால் நோய்க் கிருமிகளைக் குருதியிலிருந்து அகற்றுவது. நம் நாட்டின் தென்மேற்குக் கரையோரத்தில் நெடுங்காலம் நிலவிய அந்நோயை எதிர்த்து நடந்த போரில் அம்மருந்தே பெரும் படைக்கலமாயிருந்தது. 2002 முதல் 2006 வரை அதனை வேறொரு மருந்துடன் சேர்த்து மக்களுக்குப் பெருமளவில் வழங்கினர். யானைக்கால் நோய் இலங்கையிற் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இற் சான்றளித்தது. அம்மருந்தை விழுங்கியவர்களுள் அவர் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்?

ஹிச்சிங்ஸும் எலியனும் 1988இல் நோபல் பரிசு பெற்றனர். சுப்பாராவுக்கு அப்பரிசு கிட்டவில்லை. 1995இல், அவர் பிறந்த நூற்றாண்டில், இந்திய அரசு அவர் உருவம் பொறித்த முத்திரை ஒன்றை வெளியிட்டது. அதற்கு நெடுநாள் முன்னரே, 1953இல், அவர் பணியாற்றிய நிறுவனத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர், கழிவுநீர் வடிகட்டியிற் கண்ட புதிய பங்கசு ஒன்றுக்குச் சுப்பாரோமைசஸ் என்று அவர் பெயரை இட்டிருந்தார். எந்த இனம் அவருடைய மருந்துண்ணும் குழந்தைகளுக்கு இன்று அச்சந்தருகிறதோ அந்த இனத்திலேயே அவர் பெயர் தாங்கிய உயிர் ஒன்று வாழ்கின்றது. சாக்கடை நீரைத் தூய்தாக்கும் இடத்திலே ஓசையின்றி வளரும் அச்சிற்றுயிர், நோயாளரின் கழிகலங்களைக் கழுவிக் கல்வி கற்ற அம்மனிதருக்கு ஏற்ற நினைவுச்சின்னமே. அதனிலும் பெரிய சின்னம், நோய் நீங்கி மீண்டும் பள்ளிக்குச் செல்லும் ஒவ்வொரு குழந்தையும் ஆகும்.